படி தாண்டாத சட்டம்

குழந்தைகளுக்கான சட்டங்களின் வரலாறு – 9

சென்ற இதழில் பாபநாசத்து ஆலை வாசல் வரை வந்திருந்தோம். தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் வேகத்தைக் கொண்டு 1880-களில் ஹார்வி நிறுவனத்தார் ஓட்டத் தொடங்கிய நூற்பாலை அது. 1881-இல் வந்த முதல் ஆலைச் சட்டம், ஏழு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களிடம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றது. 1891-இல் அந்த ஏழு வயது ஒன்பதானது, வேலை நேரம் ஏழு மணியாகக் குறைந்தது. 1922-இல் பன்னிரண்டு வயது, ஆறு மணி நேரம். ஏழு வயதுக் குழந்தை ஒன்பது மணி நேரம் உழைக்கலாம் என்று எழுதிவைத்த சட்டத்தை இன்று படித்தால் நெஞ்சு பதறுகிறது. இருந்தாலும் ஆலைக்கு ஒரு வாசல் உண்டு. சங்கு ஊதும் நேரம் உண்டு. வருகைப் பதிவேடு உண்டு. ஆய்வாளர் வந்தால் நின்று தலையை எண்ணிப் பார்க்கலாம்.

இந்த வாரம் வாசலும் சங்கும் இல்லாத தொழில் ஒன்றுக்குப் போகிறோம். பாபநாசத்திலிருந்து மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே வந்தால் கடையம், தென்காசி, கடையநல்லூர். கிழக்கே திரும்பினால் பாவூர்சத்திரம், ஆலங்குளம், முக்கூடல். வெளியூர்க்காரர்களுக்குத் தென்காசி என்றால் காசி விசுவநாதர் கோபுரம், குற்றாலம் என்றால் அருவியும் சாரலும். உள்ளூர்க்காரர்களுக்கு இன்னொரு காட்சியும் பழக்கம். மதிய நேரத்தில் எந்தத் தெருவுக்குள் போனாலும் திண்ணையிலும் நடையிலும் வேப்பமரத்து நிழலிலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் இந்தப் பக்கம் வேர்விட்ட தொழில் இது. மழையை நம்பிய குளத்துப் பாசனம் பொய்த்த ஊர்களிலும், கைத்தறி நொடித்த தெருக்களிலும் அடுப்பெரிய வழிவிட்டது பீடிதான். இதை மறந்துவிட்டு இந்தத் தொழிலைப் பேசுவது நியாயமாகாது.

பீடி எப்படிச் சுற்றப்படுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சட்டம் எங்கே கோட்டைவிட்டது என்பது அந்த வேலையின் நடைமுறைக்குள்ளேயே இருக்கிறது.

எல்லாம் பீடிக் கடையில் தொடங்குகிறது. கடை என்று பெயரே தவிர, அங்கே பீடி விற்பதில்லை. இலையையும் தூளையும் எடைபோட்டுக் கொடுத்து, சுற்றி முடித்த பீடியை எண்ணி வாங்கிக்கொள்ளும் இடம் அது. நிறுவனத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் ஒப்பந்தக்காரர் அதை நடத்துவார். மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வரும் இலை காய்ந்து கிடக்கும். இரவே நனைத்து ஈரத்துணியில் பொதிந்து வைக்க வேண்டும். காலையில் இலை பதமானதும் தகர அளவை மேலே வைத்துக் கத்தரியால் நீள்சதுரமாக வெட்ட வேண்டும். நரம்பு தடித்த இடமும் ஓட்டை விழுந்த இடமும் கழிந்துவிடும். வெட்டிய இலையில் தூளைப் பரப்பி, விரலால் உருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்கி வாயை அடைக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் கட்டைப் புரட்டிப் பார்த்து, சரியில்லை என்று படுவதை ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது. கொடுத்த இலை பற்றாமல் போனால், கைக்காசு போட்டு இலை வாங்கி எண்ணிக்கையை நிரப்ப வேண்டும்.

ஆயிரம் பீடியை ஒருத்தியே சுற்றுவதென்றால் முழு நாளும் குனிந்த தலை நிமிராமல் உட்கார வேண்டும். சமைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் கைப்பிள்ளையைத் தூக்கவும் வேண்டிய பெண்ணுக்கு அப்படி ஒரு நாள் வாய்ப்பதில்லை. அதனால் வேலை பிரிந்தது. உருட்டுவது அம்மா. இலை வெட்டுவது மூத்த மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னது, சுளகின் ஓரத்தில் உட்கார்ந்து வாயை மடக்கும், கட்டுப் போடும். சின்ன விரலுக்கு அந்த வேலை சுலபமாக வரும். மகள் கையில் வேகம் வந்துவிட்டால் பள்ளிக்கூடம் நிற்கும். அந்தப் பிள்ளையை யாரும் வேலைக்கு வைக்கவில்லை, யாரும் அதற்குக் கூலி தரவில்லை. கடையின் பாஸ் புத்தகத்தில் இருப்பது ஒரே ஒரு பெயர், அம்மாவுடையது. ஆனால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலியை வைத்தவர்கள், ஒரு வீட்டில் எத்தனை கைகள் இருக்கும் என்பதைத் தெரிந்தே வைத்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். தூசி மூச்சில் ஏறுவதும், புகையிலையின் நஞ்சு தோல் வழியாக உடம்பில் இறங்குவதும், நாள் முழுதும் குனிந்ததில் முதுகு வலிப்பதும் அம்மாவோடு நிற்கவில்லை.

இந்தப் பிள்ளைக்குச் சட்டத்தில் இடம் உண்டா? இதற்குப் பதில் தேட 1919-ஆம் ஆண்டு வாஷிங்டனுக்குப் போக வேண்டும். முதல் உலகப் போர் முடிந்த கையோடு பிறந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அங்கே தன் முதல் மாநாட்டைக் கூட்டியது. அதில் ஏற்கப்பட்ட ஐந்தாவது உடன்படிக்கை, பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களைத் தொழிற்கூடங்களில் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. கூடவே ஒரு விலக்கு: ஒரே குடும்பத்தார் மட்டும் வேலை செய்யும் தொழிற்கூடத்துக்கு இது பொருந்தாது. இந்தியாவுக்கென்று தனி விதி வேறு எழுதினார்கள். இங்கே வயது பன்னிரண்டு போதும், அதுவும் எந்திர விசையில் ஓடி, பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில். எந்திரமே இல்லாத சுளகு அந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் வரவில்லை.

குடும்பத்துக்கு விலக்கு கொடுத்தவர்களின் மனத்தில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் கருதவில்லை. அப்பனோடு உழவுக்குப் போகும் மகனும், தறியில் அம்மாவுக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் மகளும் அவர்கள் கண்முன் இருந்திருப்பார்கள். வீட்டுக்குள் காவலரை அனுப்ப எந்த அரசுக்கும் தயக்கம் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் வீட்டில் நடக்கும் வேலை வீட்டுக்காரருடையதாக இல்லாமல், எங்கோ இருக்கும் நிறுவனத்துடையதாக இருந்தால்? இலை அவர்களுடையது, தூள் அவர்களுடையது, பீடியின் மேல் ஒட்டும் லேபிளும் அவர்களுடையது. வீட்டின் பங்காக இருந்தவை இடமும் விளக்கும் பிள்ளைகளும்தான்.

இந்தக் கேள்வி வாஷிங்டன் மாநாட்டுக்கு முன்பே வேறொரு ஊரில் எழுந்து, நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருந்தது. அந்தத் தொழிலும் புகையிலைதான். 1880-களின் நியூயார்க்கில், வந்தேறிக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குக் குடியிருப்புகளில் சுருட்டு தயாரானது. இலை பரப்பிய அறையிலேயே சமையல், அங்கேயே படுக்கை, அங்கேயே பிள்ளைகளின் வேலை. சுருட்டுத் தொழிலாளர் சங்கத்தின் சாமுவேல் காம்பர்ஸ், இதைத் தடுக்கச் சட்டம் கேட்டுப் போராடினார். சட்டமன்றத்துக்குப் புதிதாக வந்திருந்த இளைஞர் ஒருவர் முதலில் அதற்கு எதிர்ப்பாக இருந்தார். காம்பர்ஸ் அவரைக் கையோடு அழைத்துப் போய் அந்த அறைகளைக் காட்டினார். பார்த்தவர் மனம் மாறிச் சட்டத்துக்காகப் பேசினார். பின்னாளில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட்தான் அந்த இளைஞர். சட்டம் நிறைவேறியது, செல்லாது என்றானது, 1884-இல் திருத்தி மறுபடி நிறைவேற்றப்பட்டது. 1885-இல் ஜேக்கப்ஸ் என்ற தொழிலாளியின் வழக்கில் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அதையும் தூக்கி எறிந்தது. ஒருவனை அவன் வீட்டை விட்டு வெளியே போய்ப் பிழைக்கச் சொல்வது அவனுடைய சுதந்திரத்தில் கைவைப்பது என்று நீதிபதிகள் எழுதினார்கள். வீடு என்ற புனிதமான இடத்தை விட்டுப் போவதால் அவன் உடல்நலமோ ஒழுக்கமோ எப்படி மேம்படும் என்றும் கேட்டார்கள். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளையின் நுரையீரலைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தான் கண்ட கொடுமையைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்து, அது நீதிமன்றத்தில் உடைவதையும் பார்த்த அனுபவம் ரூஸ்வெல்ட்டை விட்டுப் போகவில்லை. தன்வரலாற்றில் அதைக் கோபத்தோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

வீட்டுப் படியைத் தாண்டத் துணிந்த சட்டமும் ஒன்று உண்டு. பெர்லினை ஒட்டிய ரிக்ஸ்டார்ஃப் ஊரின் பள்ளி ஆசிரியர் கொன்ராட் அகாட். தன் வகுப்பில் பிள்ளைகள் தூங்கி விழுவது ஏன் என்று விசாரித்துப் பார்த்தவர், விடியுமுன் அவர்கள் செய்துவிட்டு வரும் வேலைகளைக் கணக்கெடுத்து வெளியிட்டார். அவரைப் போன்றவர்களின் விடாப்பிடியால் 1903-இல் ஜெர்மனியில் வந்த குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம், பிறர் பிள்ளைக்கு ஒரு வயதும் சொந்தப் பிள்ளைக்கு ஒரு வயதுமாக வரம்பு வைத்தது. பெற்ற பிள்ளையே ஆனாலும் பத்து வயதுக்குள் தொழில் வேலையில் இறக்கக்கூடாது. அதற்கு மேற்பட்டவர்களையும் இரவு எட்டு மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. காலைப் பள்ளிக்கு முன்பும் கூடாது. இதை வீடு வீடாகக் கண்காணிப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பெற்றோர் உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஒரு நாடு சட்டப் புத்தகத்தில் எழுதியது. 1919-இல் வாஷிங்டனில் கூடியவர்களுக்கு இப்படியும் ஒரு முன்மாதிரி உலகில் இருந்தது.

நம் பக்கம் திரும்புவோம். 1920-இல் சென்னை மாகாணம் இயற்றிய சிறார் சட்டம், இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவது. வங்காளமும் பம்பாயும் அதற்குப் பிறகுதான் வந்தன. பிடிபட்ட பிள்ளையைச் சிறையில் தள்ளாமல் சான்று பெற்ற பள்ளிக்கு அனுப்பவும், ஆதரவற்றுத் திரியும் பிள்ளையை ஏற்கவும் அது வழிசெய்தது. பெரிய காரியம்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் பட்டது தெருவில் நின்ற பிள்ளை. வீட்டுக்குள் உட்கார்ந்து உழைத்த பிள்ளை அதன் பார்வையில் விழவில்லை.

வேலை செய்யும் பிள்ளைகளை நேரடியாகப் பார்த்து எழுதியது விட்லி ஆணையம். 1929-இல் அமைக்கப்பட்டு 1931-இல் அறிக்கை தந்த அந்த அரச ஆணையத்தில் நம் சீனிவாச சாஸ்திரியாரும் என்.எம். ஜோஷியும் உறுப்பினர்கள். பீடிப் பட்டறைகள் போன்ற சிறு தொழிலிடங்களில் ஐந்து வயதுக் குழந்தைகள்கூட இருக்கிறார்கள் என்று ஆணையம் எழுதியது. சரியான சாப்பாட்டு இடைவேளையோ வார விடுமுறையோ இல்லாமல் பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை, கூலி சில இடங்களில் இரண்டணா. பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தையும் அது அம்பலப்படுத்தியது. அதன் விளைவாக 1933-இல் குழந்தை உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது. பெற்றோருக்கு 50 ரூபாய் வரை, வேலைக்கு வைத்தவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். இதிலும் ஒரு கதவு திறந்திருந்தது. பிள்ளைக்குக் கெடுதல் இல்லாமல், நியாயமான கூலி மட்டுமே பேசி, ஒரு வார முன்னறிவிப்பில் முறித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தமாக இருந்தால் குற்றமில்லை. கூலி நியாயமானதா என்பதை ஐந்து வயதுக் குழந்தையா வந்து சொல்லும்?

வட ஆற்காட்டுப் பக்கம், குடியாத்தம் வட்டாரத்தில், இந்த முன்பணக் கொடுமை பல தலைமுறை நீடித்தது. தென்காசிப் பக்கத்தில் தொழிலின் போக்கு வேறு. இங்கே பிள்ளையை யாரிடமும் கொண்டுபோய் விடவில்லை. வேலையே வீடு தேடி வந்துவிட்டது. அதனால் 1933-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே தொட எதுவும் இல்லை.

1938-இல் குழந்தைகளை வேலைக்கு வைப்பது பற்றிய சட்டம் வந்தது. பீடி சுற்றுதல், தீப்பெட்டி, பட்டாசு, கம்பளம், தோல் பதனிடுதல் போன்ற தொழில்களின் பட்டறைகளில் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் கூடாது என்றது. பீடி என்ற சொல் பிள்ளைகளைக் காக்கும் சட்டம் ஒன்றில் ஏறியது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் வாஷிங்டன் விலக்கு கூடவே வந்தது. கூலிக்கு ஆள் வைக்காமல் குடும்பத்தாரைக் கொண்டு மட்டும் நடத்தும் பட்டறைக்குத் தடை இல்லை.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. குற்றாலத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. பிரானூர் பார்டர் என்று இன்றும் பேருந்து நடத்துநர்கள் கூவுகிறார்களே, அந்த பார்டர் அதுதான். பிரிட்டிஷ் இந்தியாவுக்கென்று இயற்றிய சட்டம் அந்த எல்லையில் நின்றுவிடும். தென்காசிப் பிள்ளைக்கு ஒரு சட்டம், ஒரே சாரலில் நனையும் செங்கோட்டைப் பிள்ளைக்கு வேறு சட்டம்.

விடுதலைக்குப் பிறகு அரசியல் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களைத் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ ஆபத்தான வேலையிலோ வைக்கத் தடை விதித்தது. 1958-இல் சென்னை மாநிலம் பீடித் தொழிலகங்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. 1966-இல் மத்திய அரசு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. பெரிய பட்டறை வைத்துப் பலரை ஒரே இடத்தில் உட்காரவைத்தால் உரிமம், காற்றோட்டம், கழிப்பறை, விடுப்பு என்று செலவு வரும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அந்தச் செலவு மிச்சம். கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் சில பெரிய நிறுவனங்கள் பட்டறைகளையே மூடிக்கொண்டு போய்விட்டன. வேலை இழந்தவர்கள் அரசின் துணையோடு 1969-இல் தினேஷ் பீடி கூட்டுறவை உண்டாக்கிப் பட்டறையைத் தாங்களே நடத்தினார்கள். பட்டறையில் வேலை நடந்தால் பிள்ளை உள்ளே வர முடியாது என்பதற்கு அது ஒரு நல்ல எடுத்துக்காட்டு. நெல்லைச் சீமையில் பீடி வீட்டிலேயே தங்கிவிட்டது.

1966-ஆம் ஆண்டுச் சட்டத்தை வரி வரியாகப் படித்தால் மனம் கனக்கிறது. அதன் 24-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: எந்தத் தொழிலகத்திலும் குழந்தையை வேலை செய்ய விடக்கூடாது. தொழிலகம் என்றால் என்ன என்று முன்னால் புரட்டினால், குடியிருக்கும் வீடு நீங்கலாக என்று இருக்கிறது. தொழிலாளி என்றால் யார் என்று பார்த்தால், இலையும் தூளும் வாங்கி வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே என்று இருக்கிறது. அதாவது அம்மா தொழிலாளி, அவள் உட்கார்ந்திருக்கும் வீடு தொழிலகம் இல்லை. பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சட்டத்தில் பெயரே இல்லை. இலையை நனைப்பதையும் வெட்டுவதையும் தொழிலகத்துக்கு வெளியே செய்ய அனுமதி தரலாம் என்று 29-ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளைகள் கைக்கு முதலில் போன வேலை அதுதானே. 43-ஆம் பிரிவு, சொந்தமாகத் தொழில் செய்து, தன்னை நம்பி வாழும் குடும்பத்தாரை உதவிக்கு வைத்துக்கொள்ளும் வீட்டுக்காரருக்குச் சட்டமே பொருந்தாது என்று முடிக்கிறது.

அம்மாவுக்குக் கிடைத்த பலன்களைக் குறைத்துச் சொல்லக்கூடாது. 1974-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. 1976-இல் பீடித் தொழிலாளர் நல நிதி பிறந்தது. அதிலிருந்து மருத்துவமும், பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகையும் வந்தன. வீட்டில் சுற்றுபவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சங்கங்கள் பல்லாண்டு போராடிப் பெற்றவை இவை.

1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் பட்டியலிலும் பீடி இருந்தது, குடும்பத்துக்கான விலக்கும் இருந்தது. ஒரு மாவட்டப் பீடித் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் தொடுத்த ராஜாங்கம் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புகையிலைத் தொழில் உடம்புக்குக் கேடு, அதில் குழந்தை உழைப்பை உடனடியாகவோ படிப்படியாகவோ, எப்படியும் மூன்றாண்டுக்குள், ஒழிக்க வேண்டும் என்றது. 1996-இல் சிவகாசி வழக்கில், குழந்தையை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும் பிள்ளைக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. பீடி சுற்றும் வீட்டில் அந்த 20,000 ரூபாயை யாரிடம் கேட்பது? நிறுவனம் ஒப்பந்தக்காரரைக் காட்டும். ஒப்பந்தக்காரர் பாஸ் புத்தகத்தைக் காட்டுவார். அதில் அம்மாவின் பெயர் இருக்கும்.

இதோடு குற்றாலத்தை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். சீசன் மாதங்களில் பேரருவி, ஐந்தருவிச் சாலைகளில் கடை வைப்பவர்கள் எல்லோரும் கடை என்ற வரையறைக்குள் வருகிறவர்கள். 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டமே பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களை அங்கே வேலைக்கு வைக்கத் தடைபோட்டது. ஆனாலும் எச்சில் தட்டு எடுக்கும் சின்னப் பையன்கள் இல்லாத சாப்பாட்டுக் கடை அந்தக் காலத்தில் அபூர்வம். 2006 அக்டோபர் 10 முதல் உணவகம், தேநீர்க் கடை, தங்கும் விடுதி, பொழுதுபோக்கு இடங்கள், வீட்டு வேலை எல்லாம் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடைப்பட்டியலில் ஏறின. கடைக்கு ஒரு பெயர்ப் பலகை இருக்கிறது, உரிமம் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்க அதிகாரிக்கு உரிமை இருக்கிறது. சாப்பிட வந்தவர்களே புகார் கொடுக்கலாம். மலையடிவாரத்தில் இறங்கிச் சில கிலோமீட்டர் போனால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்காகப் புகார் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

அப்படியென்றால் இன்று அந்தத் திண்ணைகளில் பிள்ளைகள் ஏன் குறைந்துவிட்டார்கள்? இந்தத் தொடருக்காக நான் படித்தவற்றில் என்னை மிகவும் யோசிக்கவைத்த கேள்வி இது. வேலையைத் தடுத்த சட்டங்கள் படியில் நின்றன. பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்த திட்டங்கள் வீட்டுக்குள் போயின. 1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்த மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, இலவசப் பேருந்துப் பயணம், மிதிவண்டி. 1989-இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் என்றது அது. பீடி சுற்றத் தெரிந்த பெண் என்பதையே மாப்பிள்ளை வீட்டார் ஒரு தகுதியாகக் கேட்டுக்கொண்டிருந்த ஊர்களில், பள்ளிக்கூடச் சான்றிதழுக்கும் ஒரு விலை உண்டு என்று அரசு சொன்னது. 2022-இல் அந்தத் திட்டம் உருமாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமானது. குழந்தை உழைப்பைத் தடைச் சட்டத்தைவிடக் கட்டாயக் கல்விதான் ஒழிக்கும் என்று அமெரிக்க அறிஞர் மைரன் வைனர் 1991-இல் ஒரு புத்தகமே எழுதினார். தென்காசித் திண்ணைகளை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. கட்டாயத்தைவிடச் சோறும் பணமும் இங்கே முந்திக்கொண்டன என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதனால் சட்டத்தின் ஓட்டை அடைபட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது. 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது என்று முழுத்தடை போட்டது. ஆபத்தான தொழில்கள் நீங்கலாக, பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத்துக்கும் குடும்பத் தொழிலுக்கும் உதவலாம் என்று விலக்கும் வைத்தது. பள்ளி நேரம் போக மிச்சமிருக்கும் நேரம்தான் நாம் மேலே பார்த்த சின்னது சுளகோரத்தில் உட்கார்ந்திருந்த நேரம். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடிமேல் வசூலித்து நல நிதிக்குப் போய்க்கொண்டிருந்த தீர்வை நின்றது. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தை, 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்த்தார்கள். வீட்டில் சொந்தமாகத் தொழில் செய்பவருக்கான அந்தப் பழைய விலக்கும் கூடவே இடம்மாறி அதில் உட்கார்ந்திருக்கிறது.

1996-இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டு உழைப்புக்கென்றே 177-ஆவது உடன்படிக்கையை ஏற்றது. குறைந்தபட்ச வயது வீட்டில் செய்யும் கூலி வேலைக்கும் பொருந்த வேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. அதோடு வந்த பரிந்துரை, குடும்பத்தின் அந்தரங்கத்துக்குக் குந்தகம் வராமல், வேலை நடக்கும் பகுதி வரை ஆய்வாளர் வர அனுமதிக்கலாம் என்கிறது. 1919-இல் வாஷிங்டனில் விட்டதை அதே அமைப்பு 77 ஆண்டு கழித்துச் சரிசெய்ய முயன்றது. குறைந்தபட்ச வயது பற்றிய 138-ஆவது உடன்படிக்கையையும், கொடிய வகைக் குழந்தை உழைப்பைத் தடுக்கும் 182-ஆவது உடன்படிக்கையையும் இந்தியா 2017 ஜூனில் ஏற்றுக்கொண்டது. 177-ஐ ஏற்கவில்லை. நாடாளுமன்றத்தில் இந்த வட்டாரத்தைப் பேசப் போகிறவர்கள் கேட்டுப் பெற வேண்டியது இந்த ஏற்பைத்தான்.

(அடுத்த இதழில்: எல்லைக்கு அந்தப் பக்கம். 1817-இல் ராணி கௌரி பார்வதி பாயின் ஆணையும், திருவிதாங்கூர்ப் பள்ளிக்கூடங்களும்.)